நிலை இழந்த வீடுகள்

2010 ஆம் ஆண்டு. வன்னியில் மீள்குடியேற்றம் நடந்துகொண்டிருந்த காலம். பரந்தனுக்குக் கிழக்கே ஒரு கல்வீட்டின் முன்னால் நின்றிருந்தேன். கூரை இல்லை, சுவர்கள் நின்றன. வாசல் இருந்த இடத்தில் ஆளுயர வெற்றிடம். எறிகணை உடைத்த சுவர் தாறுமாறாகச் சிதறியிருக்கும். இது அவ்வாறன்று. இரு பக்கமும் சாந்தை அளவாகக் கொத்தி, மரத்துக்குப் பழுது வராமல் கதவு நிலையைக் கழற்றியிருந்தார்கள். வீட்டுக்காரர் அந்தத் தடத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "முதிரை" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

வன்னியை அறியாத வாசகர்களுக்கு அந்த ஒரு சொல்லின் கனம் விளங்காமற் போகலாம். தமிழகத்தில் பொரசு என வழங்கும் மரமே முதிரை. இளமஞ்சள் நிறமும் பட்டுப்போன்ற மினுக்கமும் உடையது. ஐரோப்பிய மாளிகைகளின் தளபாடங்களுக்காக இலங்கை முதிரை கப்பலேறிய காலமும் உண்டு. பெருங்காடற்ற யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீடுகளுக்கும் வன்னி மரம் போயிற்று. முதிரையும் பாலையும் கறையானுக்கு எளிதில் இடங்கொடா. வேலைக்கும் எளிதில் இணங்கா. உளி விரைவில் மழுங்கும். துளையிடாமல் ஆணி இறங்காது. ஆகவே தச்சர்கள் மரத்தை நிழலில் ஆறப்போட்டு, சட்டத்தின் நுனியை நாக்குப்போற் செதுக்கி, மற்றச் சட்டத்தின் துளையிற் செருகி, மர ஆணியால் இறுக்கினார்கள். சுபவேளை பார்த்து, மஞ்சள் பூசி, மாவிலை கட்டி நிலை வைத்தபின்னரே சுவர் எழுந்தது.

கிளிநொச்சியில் 1936 இல் குடியேற்றத் திட்டம் தொடங்கியது. காடுவெட்டிக் குடியேறிய குடும்பங்களுக்கு முதலில் மண்வீடு. விளைச்சல் கண்டபின் கல்வீடு. முதிரை நிலை என்பது அந்த உழைப்பின் அடையாளம். 1996 இல் இராணுவத்திடமும் 1998 இல் புலிகளிடமும் 2009 சனவரியில் மீண்டும் இராணுவத்திடமும் அந்நகர் கைமாறியது. இறுதி இடப்பெயர்வின்போது கூரைத்தகரத்தையும் கதவையும் யன்னலையும் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிச் சென்றோர் பலர். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என ஒவ்வோரிடத்திலும் சுமை குறைந்தது. முள்ளிவாய்க்காலில் உயிர் மட்டுமே எஞ்சியது, பலருக்கு அதுவுமில்லை. கழற்ற அவகாசமின்றி விட்டுச்சென்ற நிலைகளைப் பிறர் கழற்றினர். ஆளற்ற ஊரில் சாட்சியுமில்லை.

பின்னர் இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் இலங்கை ரூபா. கூலியும் சீமெந்தும் விலையேறிய அந்நாட்களில், அத்தொகையில் முதிரையை நினைத்துப் பார்க்கவும் இயலாது. காட்டுமரத்தை வெட்டவும் ஏற்றவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். சட்டவிரோத முதிரைக் குற்றிகள் பிடிபட்ட செய்திகளோ வன்னியிலிருந்து வந்துகொண்டேயிருக்கின்றன. காட்டின் ஓரத்தில் வாழ்பவனுக்குச் சீமெந்து நிலை. அக்காட்டின் மரம் எங்கோ, எவர் வீட்டிலோ.

மாண்டவர்களினதும் காணாமற்போனவர்களினதும் கணக்கே தீராதபோது, கதவு நிலைக்கு அழுவதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், குண்டு அழித்ததைப் போர் என்று எழுதினோம். உளிகொண்டு, ஆறுதலாக, பழுதுபடாமல் கழற்றிச் சென்றதை என்னவென்று எழுதுவது? அன்று என் குறிப்பேட்டில் "சேதமடைந்த வீடு" என்றுதான் எழுதினேன். அது பிழை. இன்று திருத்திக்கொள்கிறேன்: களவாடப்பட்ட வீடு.