ரீசஸ் போன வழியில் ரிலவா

கினிகத்தேனைப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் ரிலவாக் குரங்கை விரும்புவார் இல்லை. கொய்யாவைப் பாதி கடித்து எறிந்துவிட்டு லயத்துத் தகரக் கூரையில் தாவி ஓடும் இந்தக் குரங்குக்கு 2023 ஏப்ரலில் திடீர் மவுசு வந்தது. சீனா 1 லட்சம் குரங்குகளைக் கேட்பதாக அப்போதைய விவசாய அமைச்சர் மஹிந்த அமரவீர சொன்னார். மிருகக்காட்சிசாலைகளுக்கு என்றார்கள், ஆய்வுகூடங்களுக்கே என்று சூழலியலாளர்கள் சந்தேகித்தார்கள். வழக்குப் போட்டதும், ஏற்றுமதி இல்லை என்று ஜூனில் அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் கூறியது. அந்தச் சந்தேகம் வெறும் பீதியல்ல. குரங்கு வணிகத்தின் வரலாறே அதற்கு ஆதாரம்.

போலியோ தடுப்பூசிக் காலமான 1950களில் வட இந்தியாவின் ரீசஸ் குரங்குகள் சில ஆண்டுகளில் லட்சத்துக்கும் மேலாக வெளிநாடு போயின. இராணுவ ஆய்வுகளில் அவை வதைக்கப்படுவது தெரியவந்தபின், 1978இல் மொரார்ஜி தேசாய் அரசு ஏற்றுமதியை நிறுத்தியது. அமெரிக்கக் குரங்கு ஆய்வு நிலையங்களோ கையிருப்பிலிருந்த இந்திய வம்சத்தைப் பெருக்கிக்கொண்டன. எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. ரீசஸைத் தொற்றாது, அதன் உறவான குரங்கு வைரஸ் எஸ்.ஐ.வி. தொற்றும். 1985இல் மாசசூசெட்ஸ் நிலையமொன்றின் குரங்குகளில் அது அடையாளம் காணப்பட்டதும், எய்ட்ஸ் ஆய்வின் பிரதான விலங்காக ரீசஸ் ஆகிவிட்டது. கலிபோர்னியாவின் டேவிஸில், பிறந்த குட்டிகளுக்கு வாய்வழியே வைரஸைக் கொடுத்து, டெனோஃபோவிர் மருந்தால் தொற்றைத் தடுக்கலாம் என 1990களில் காட்டினார்கள். எந்த விலங்கு என்பதை இங்கே விஞ்ஞானம் மட்டும் தீர்மானிக்கவில்லை, பழைய வியாபாரமும் சேர்ந்தே தீர்மானித்தது. எந்த வம்சம் என்பதும் சிறிய விஷயமல்ல: இந்திய வம்ச ரீசஸில் நோய் வேகமாக முற்றுகிறது, சீன வம்சத்தில் மெதுவாக.

தாயிடமிருந்து சேய்க்குத் தொற்று பரவுவதை சிடோவுடின் மருந்து மூன்றில் ஒன்றாகக் குறைப்பதை 1994இல் கர்ப்பிணிகளிடமே நிரூபித்துவிட்டார்களே, பிறகு குரங்கு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஆய்வு மருந்து பலித்ததைச் சொன்னது; வைரஸ் முதல் நாளில் சிசுவின் உடலில் எங்கெங்கே போய் ஒளிகிறது என்பதைச் சொல்லவில்லை. அதைப் பார்க்கத் திசுவை எடுத்தாக வேண்டும். மனிதக் குழந்தையிடம் அது முடியுமா? எஸ்.ஐ.வி.யையும் எச்.ஐ.வி.யையும் கலந்து உருவாக்கிய வைரஸ் 24 மணிநேரத்துக்குள் குட்டிகளின் பல உறுப்புகளை எட்டிவிடுவதையும், அந்த நேரத்தில் கொடுத்த பிறபொருளெதிரிகள் தொற்றை அழித்ததையும் 2016இல் ஓரிகன் ஆய்வாளர்கள் கண்டார்கள். குட்டியின் நோயெதிர்ப்புச் சக்தி நம் சிசுவினதைவிட வேகமாக முதிர்வதால், இதை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது என்பதும் உண்மையே. வழிகாட்டும் அளவுக்கு அது போதும், தீர்ப்பு சொல்லப் போதாது.

தாய்–சேய் எச்.ஐ.வி. பரவலை ஒழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2019இல் அங்கீகரித்தது. கிளினிக்கில் கர்ப்பிணியிடம் எடுக்கும் இரத்தமும் உரிய நேரத்து மருந்துமே அதைச் சாதித்தன. ஆனால் அந்த மருந்து அறிவில் இந்தியக் குரங்குகளின் பங்கும் இருக்கிறது. ஆகவே ஆய்வையே மறுப்பது என் வாதமல்ல. இலங்கைக்கே உரிய, அழியும் ஆபத்திலுள்ள ரிலவாவைப் பயிர்ச்சேதக் கணக்கில் சேர்த்து விற்க விடக்கூடாது என்பதே வாதம். இன்னொரு முறை அப்படிப் பேச்சு வந்தால், எந்தக் கூண்டுக்கு, எந்த ஆய்வுக்கு, யார் கண்காணிப்பில் என்று எழுத்தில் கேளுங்கள்.