மெழுகிலிருந்து கேமராவுக்கு

மகாராஜபுரத்துக்காரர் ஒருவருக்குக் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை முடிந்தால், “கேப் போட்டிருங்க, இல்லைன்னா பல்லு உடைஞ்சிரும்” என்பார் டாக்டர். ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ ராஜபாளையத்துக்கோ பஸ் ஏறிப்போய், ஒருநாள் பல்லை ராவி அளவு கொடுக்க வேண்டும். சில நாள் கழித்து மறுபடி போய் மாட்டிக்கொண்டு வர வேண்டும். நடுவில் அந்த அளவு எங்கே போகிறது, அங்கே என்ன நடக்கிறது என்று நாம் கேட்பதில்லை.

நடப்பது நமக்குத் தெரிந்த வேலைதான். சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சுட்டு மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். சோழர் காலச் செப்புத் திருமேனிகள் இப்படித்தான் பிறந்தன. 1907-ல் சிகாகோ பல் மருத்துவர் வில்லியம் டாகார்ட், பல் குழியை அடைக்கும் தங்கத் துண்டை இதே முறையில் வார்த்துக் காட்டினார். பிறகு கேப்பும் பிரிட்ஜும் பல பத்தாண்டுகள் இந்த வழியிலேயே வந்தன.

மெழுகை விட்டுவிடலாம் என்ற எண்ணம் பிரான்ஸில் எழுந்தது. பல்லை ஒளியால் அளக்கலாம் என்று பிரான்சுவா துரே 1973-ல் தன் ஆய்வேட்டில் எழுதினார். ஸ்வீடனில் காரணம் வேறு: தங்கம். அதன் விலை ஏறியதும் நிக்கல் கலந்த உலோகத்துக்கு மாறினார்கள்; சிலருக்கு அது ஒவ்வாமை தந்தது. டைட்டானியம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் வார்ப்பது கஷ்டம். அதனால் மட்ஸ் ஆண்டர்சன் 1980-களின் தொடக்கத்தில் அதை இயந்திரத்தால் குடைந்தெடுக்கும் வழியைத் தேடினார்.

சூரிச்சில் பல் மருத்துவர் வெர்னர் மோர்மனும் பொறியாளர் மார்கோ பிராண்டெஸ்தினியும் சேர்ந்து செரெக் கருவியைச் செய்தார்கள். 1985 செப்டம்பரில், நோயாளி நாற்காலியில் இருக்கும்போதே வாயைப் படம்பிடித்து, பீங்கான் கட்டியைக் கடைந்து பல்லில் பொருத்தினார்கள். ஆனால் கடிக்கும் மேற்பரப்பை அன்று மருத்துவர் கையால்தான் செதுக்க வேண்டியிருந்தது. முழு கேப் செய்ய 1994-ல் வந்த இரண்டாம் செரெக் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்று பரவலாக இருக்கும் சிர்கோனியா கேப், சுண்ணக்கட்டி போன்ற பதத்தில் இருக்கும்போதே குடையப்படுகிறது. பிறகு சுமார் 1500 டிகிரி சூளையில் வெந்து சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்று கணக்கிட்டு, கணினி முதலிலேயே அதைப் பெரிதாகச் செய்துவிடும். வேகாத பானை பெரிதாக இருப்பது குயவருக்குத் தெரிந்த கணக்குதானே.

சரி, கை வேலை போய்விட்டதா? கேப்பின் விளிம்புக்கும் பல்லுக்கும் நடுவே 120 மைக்ரானுக்கு மேல் இடைவெளி கூடாது என்று 1971-லேயே ஓர் ஆய்வு சொன்னது. அது ஒரு தலைமுடியின் தடிமனை ஒட்டிய அளவு. அதற்கு மேல் போனால் பசை கரையும், கிருமி நுழையும், உள்ளே பல் சொத்தையாகும். கேமராவோ கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே படம்பிடிக்கும். ஈறு மூடியிருந்தாலும் ரத்தம் கசிந்தாலும் விளிம்பு படத்தில் விழாது. அதை விலக்கிக் காட்டுவது மருத்துவரின் கைதான்.

பிரிட்ஜ் என்றால் இன்னொரு முடிவும் உண்டு: போன ஒரு பல்லுக்காக இருபுறமும் உள்ள நல்ல பற்களை ராவலாமா? இயந்திரம் இரண்டு பஸ் பயணத்தை ஒன்றாக்கலாம். அந்தக் கேள்விக்கு அது பதில் சொல்லாது. ராவிய பல் திரும்ப வளராது. “பக்கத்துப் பல்லைத் தொடாம முடியுமா டாக்டர்?” என்று நாம்தான் முதலில் கேட்க வேண்டும்.