சம்பளமும் உபதொழிலும்: தஞ்சைச் சீமை தரும் பாடம்

ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கின்றது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி எழுப்பிய அறக்கட்டடம் அது. இராமேசுவரம் செல்லும் வழிப்போக்கர்க்கு அங்கே சோறும் தங்குமிடமும் கிடைத்தன. 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்குப் போனபின், சரபோஜியிடம் எஞ்சியவை தஞ்சைக் கோட்டையும் இத்தகைய சத்திரங்களும்தாம். ஒரு வளநாடு இந்நிலைக்கு வந்தமைக்குப் போரும் அரசியலும் காரணங்கள் என்பதை அறிவோம். அதிகம் பேசப்படாத மற்றொரு காரணமும் உண்டு. அது கும்பினி ஊழியர்கள் சம்பள வேலையோடு சேர்த்து நடத்திய உபதொழில்.

1744இல் எழுத்தராகச் சென்னைக்கு வந்த ராபர்ட் கிளைவுக்கு ஆண்டுச் சம்பளம் வெறும் 5 பவுன். இதைக் கொண்டு வாழ இயலாது என்பதைக் கும்பினி இயக்குநர்கள் நன்கறிவர். ஆகவே ஆசியத் துறைமுகங்களுக்கிடையே சொந்த வணிகம் செய்துகொள்ள ஊழியர்க்கு இசைவளித்தனர். குறைந்த சம்பளம் கொடுத்து, குறையை அவரவரே நிரப்பிக்கொள்ள விட்டதே இந்த ஏற்பாடு. கும்பினி வெறும் வணிக நிறுவனமாய் இருந்தவரை இதனால் விளைந்த கேடு சிறிது. அது படைபலம் பெற்று அரசர்களை ஆட்டுவிக்கத் தொடங்கியதும், ஊழியரின் உபதொழில் சரக்கு வணிகத்தை விட்டு வட்டித் தொழிலாக மாறியது.

கர்நாடக நவாப் முகம்மது அலி வாலாஜா, கும்பினிப் படைச் செலவை ஈடுகட்டக் கும்பினி ஊழியர்களிடமே கடும் வட்டிக்குக் கடன் வாங்கினார். ஈடாக, குறிப்பிட்ட சீமைகளின் வரி வருவாயை எழுதிக்கொடுத்தார். இப்பத்திரங்களைக் கும்பினி ஏடுகள் 'தங்கா' எனக் குறிக்கின்றன. உருதுவில் இன்று சம்பளத்தைக் குறிக்கும் 'தன்கா' என்ற சொல்லே அது. சம்பளம் போதாத ஊழியருக்கு ஒரு நாட்டின் வரியே சம்பளமாயிற்று!

1773இல் கும்பினிப் படை தஞ்சையைப் பிடித்து நவாபிடம் ஒப்படைத்தது. மன்னர் துளஜாஜி சிறைப்பட்டார். காவிரிக் கிளைகள் பாயும் வயல்களும், மழையையும் ஏரியையும் நம்பியிருந்த ஒரத்தநாட்டுப் பக்கமும் நவாபின் ஆட்சிக்குள் வந்தன. (ஒரத்தநாட்டுப் பகுதிக்குக் காவிரி நீரைக் கொணர்ந்த கல்லணைக் கால்வாய் 1934இல்தான் மேட்டூர் அணையோடு பயனுக்கு வந்தது.) உழவன் அளந்த மேல்வாரம் இனி அரண்மனைக்கும் நில்லாது, நவாபுக்கும் நில்லாது, கடன் கொடுத்தவனுக்கே போகும் நிலை உண்டாயிற்று.

இயக்குநர்களின் ஆணைப்படி ஆளுநர் பிகட் பிரபு 1776 ஏப்ரலில் துளஜாஜிக்கு அரசை மீட்டளித்தார். உடனே பால் பென்ஃபீல்டு என்ற கும்பினி ஊழியர் உரிமை கோரி முன்வந்தார். பொறியாளராக வந்து, கோட்டை மதிற்பணி ஒப்பந்தமும் பெற்றவர் அவர். தஞ்சை வருவாயின் மீது நவாப் எழுதித் தந்தது 1,62,000 பவுன், அந்நாட்டில் தனியார்க்குக் கொடுத்த கடன் 72,000 பவுன், ஆக 2,34,000 பவுன் தமக்குச் சேரவேண்டும் என்றார். வயலில் நின்ற பயிரும் இக்கோரிக்கைக்குள் அடக்கம். போதிய ஆதாரமில்லை என்று முதலில் கூறிய ஆட்சி மன்றம் பின்னர் தன் முடிவை மாற்றிக்கொண்டது. மன்றத்தாருள்ளும் நவாபுக்குக் கடன் கொடுத்தோர் இருந்தனர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. எதிர்த்து நின்ற பிகட் அவ்வாண்டு ஆகஸ்டு 24இல் தம் மன்றத்தாராலேயே கைது செய்யப்பட்டு, 1777 மே மாதம் காவலிலேயே இறந்தார். முதன்முறை ஆளுநராயிருந்தபோது அவரும் பெரும்பொருள் ஈட்டியவரே. குற்றவாளிகளான நால்வருக்கு 1780இல் இலண்டனில் கிடைத்த தண்டனை தலைக்கு 1,000 பவுன் அபராதம் மட்டுமே.

நவாப் நம்மவர் என்பதால் அவர் பங்கை மறைத்தல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. பிறர் விளைச்சலை அடகுவைத்து அவர் வாங்கிய கடனே, 1795இல் அவர் மறைந்து ஆறாண்டுகளுக்குள், 1801இல், அவர் வழியினரின் ஆட்சியுரிமையும் பறிபோக ஏதுவாயிற்று. எட்மண்ட் பர்க் இக்கடன்கள் குறித்து 1785இல் நாடாளுமன்றத்தில் நிகழ்த்திய பேருரையும் உழவனுக்கு எதையும் மீட்டுத் தரவில்லை.

இதே சிக்கலை இஸ்லாமிய வரலாறு தொடக்கத்திலேயே சந்தித்தது. ஹஸ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்கள் துணி வணிகர். கலீஃபாவான பின்னும் வழக்கம்போல் துணிகளைச் சுமந்து சந்தைக்குப் புறப்பட்டார்கள். குடும்பத்தைக் காக்க வேறு வழியில்லை என்பதே அவர்கள் கூறிய காரணம். உமர் (ரலி), அபூஉபைதா (ரலி) ஆகியோர் தடுத்து, குடும்பத்திற்குப் போதுமான தொகையைப் பைத்துல்மாலிலிருந்து வரையறுத்தனர். வணிகம் இழிவென்று தடுக்கவில்லை. ஆட்சிப் பொறுப்பும் அங்காடியும் ஒரே கையில் சேரலாகாது என்றே தடுத்தனர். தடுக்கும்போதே வயிற்றுக்கும் வழி செய்தனர். பின்னர் உமர் (ரலி) அவர்கள் ஆளுநர்களை நியமிக்கையில் அவர்தம் உடைமைகளைக் கணக்கெடுத்து எழுதிவைத்ததையும் வரலாறு கூறுகிறது.

கும்பினிக்கு இவ்வுண்மை புரியப் பன்னெடுங்காலம் ஆயிற்று. வங்காளத்தில் காரன்வாலிஸ், கலெக்டருக்கு மாதம் 1,500 ரூபாயும் வசூலில் பங்கும் கொடுத்துச் சொந்த வணிகத்தைத் தடுத்தார். இன்றும் 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், அரசு ஊழியர் முன் அனுமதியின்றித் தொழிலோ வணிகமோ நடத்துவதைத் தடுக்கின்றன.

வருவாய் போதாமையால் இரண்டாம் தொழில் தேடுவோர் நம் சமுதாயத்தில் பலர். ஒருவர் பகலில் பள்ளியில் பணியாற்றி மாலையில் தம் வயலைக் கவனித்தால் அதில் குறை காண ஏதுமில்லை. தம் கையெழுத்தை எதிர்பார்த்து நிற்பவரிடமே அவர் கடை விரிப்பாராயின், அது பென்ஃபீல்டின் தொழில். இரண்டாம் வருவாய் முதல் வேலையின் அதிகாரத்திலிருந்து வருகிறதா என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். ஊழியருக்குப் போதுமான ஊதியம் கொடுத்தோமா என்று அவரை வேலைக்கு அமர்த்தியவரும் கேட்டுக்கொள்ள வேண்டும்.