போர்க்கால வெற்றிக்கு மதிப்பு உண்டா? – ஹால் நியூஹவுசரின் கதை

பேஸ்பாலில் பந்து எறிபவருக்கு பிட்சர் என்று பெயர். கிரிக்கெட்டில் வெற்றி தோல்வி அணிக்குத்தான், பந்துவீச்சாளருக்கு இல்லை. பேஸ்பாலில் அப்படி அல்ல. ஒவ்வொரு ஆட்டத்தின் வெற்றியும் ஒரு பிட்சரின் கணக்கில் ஏறும், தோல்வியும் அப்படியே. அவர் கணக்கில் உள்ள மொத்த ஆட்டங்களில் எத்தனை வெற்றி என்பதுதான் அவருடைய வெற்றி சதவீதம்.

1943-ல் டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் ஹால் நியூஹவுசர் 8 வெற்றி, 17 தோல்வி கண்டார். அதாவது 32 சதவீதம். அடுத்த வருடமே 29 வெற்றி, 9 தோல்வி... 76.3 சதவீதம்! எப்படி?

பலர் சொன்ன காரணம், உலகப்போர். 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டதும் பாப் ஃபெல்லர் கடற்படையில் சேர்ந்தார். 1943-ல் ஜோ டிமாஜியோ, டெட் வில்லியம்ஸ் போன்ற பெரிய பேட்டர்களும் ஆடுகளத்தில் இல்லை. பேஸ்பால் நிற்கக் கூடாது என்று அதிபர் ரூஸ்வெல்ட் 1942-ல் கடிதம் எழுதியிருந்தார். ஆனால் ஆடத்தான் ஆள் இல்லை! 1944-ல் சின்சினாட்டி அணிக்காக ஜோ நக்ஸ்ஹால் என்ற 15 வயதுப் பையன் பந்து எறிந்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நியூஹவுசரும் படையில் சேர முயன்றவர்தான். இதயக் கோளாறு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சரி, எதிரணிகள் பலவீனமானதுதான் காரணமா? 1944-ல் டைகர்ஸ் 88 வெற்றி, 66 தோல்வி. அதில் நியூஹவுசரும் டிஸ்ஸி டிரவுட்டும் சேர்ந்து 56 வெற்றி, 23 தோல்வி. மீதி பிட்சர்கள் எல்லோருக்கும் சேர்த்து 32 வெற்றி, 43 தோல்வி. வெறும் 42.7 சதவீதம்! அதே அணி, அதே எதிரணிகள். போர் மட்டுமே காரணம் என்றால் மற்றவர்களும் ஜெயித்திருக்க வேண்டுமே? கடைசியில் டைகர்ஸ் ஒரே ஒரு ஆட்ட வித்தியாசத்தில் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸிடம் லீக் பட்டத்தை இழந்தது.

உண்மையான பரீட்சை 1946-ல் வந்தது. டிமாஜியோ, வில்லியம்ஸ் எல்லோரும் திரும்பிவிட்டார்கள். நியூஹவுசர் 26 வெற்றி, 9 தோல்வி. 74.3 சதவீதம். போர்க்காலத்தை விட இரண்டு சதவீதம்தான் குறைவு.

அதே வருடம் ஃபெல்லருக்கும் 26 வெற்றிகள். ஆனால் 15 தோல்விகள், 63.4 சதவீதம். அப்படியானால் ஃபெல்லர் மட்டமா? இல்லை. அவருடைய கிளீவ்லாந்து அணி அந்த வருடம் ஜெயித்ததே மொத்தம் 68 ஆட்டங்கள்தான். பிட்சர் எவ்வளவு நன்றாக எறிந்தாலும், கூட ஆடுபவர்கள் ரன் எடுத்தால்தான் வெற்றி.

ஆக, வெற்றி சதவீதம் என்ற ஒரு எண்ணில் பிட்சர், அவர் அணி, எதிரணி மூன்றும் கலந்திருக்கின்றன. பிரித்துப் பார்க்காமல் தீர்ப்பு சொல்வது தவறு. நியூஹவுசர் கடைசியாக ஆடியது 1955-ல். "போர்க்கால பிட்சர்" என்ற முத்திரையைத் தாண்டி, பேஸ்பாலின் புகழ்மண்டபத்துக்குள் அவர் நுழைய 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.