வெள்ளைக் கோட்டையும் பதின்மூன்று வாரங்களும்

ஐந்தே ஐந்து முக்காலிகள் போட்ட ஒரு சிறு கடையைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். முக்காலிகளுக்கு முன்னே நீண்டதொரு மேடை. அதற்கு அப்பால், நம் தோசைக்கல்லைப் போலக் காய்ந்து கொண்டிருக்கும் இரும்புத் தட்டு. சமையற்காரர் சிறிதளவு மாட்டுக் கொத்துக்கறியை எடுத்துத் தட்டின்மேல் வைக்கிறார், கரண்டியால் தட்டையாக அழுத்துகிறார், வெங்காயம் சேர்க்கிறார். வெந்ததும் ஒரு பன்னை இரண்டாகப் பிளந்து, நடுவே அதை வைத்து உங்களிடம் நீட்டுகிறார். விலை ஐந்து சென்ட். ஆண்டு 1921. இடம், அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்திலுள்ள விச்சிட்டா நகரம். கடையின் பெயர் ஒயிட் காசில், அதாவது வெள்ளைக் கோட்டை.

சமையலை ஏன் வாடிக்கையாளரின் கண்ணெதிரே செய்தார்கள்? கடையை ஏன் வெள்ளையாக வைத்துக் கொண்டார்கள்? இதற்கு விடை காணச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1906ஆம் ஆண்டு அப்டன் சிங்க்ளேர் என்ற எழுத்தாளரின் 'தி ஜங்கிள்' என்னும் நாவல் வெளிவந்தது. தொழிலாளரின் துயரத்தைச் சொல்லவே அவர் அதை எழுதினார். படித்தவர்களோ, சிகாகோ இறைச்சித் தொழிற்சாலைகளின் அழுக்கைக் கண்டு அருவருத்தார்கள். அதே ஆண்டு இறைச்சியைச் சோதிக்கவும், உணவுக் கலப்படத்தைத் தடுக்கவும் சட்டங்கள் பிறந்தன. ஆயினும் கொத்துக்கறியின் மீதிருந்த சந்தேகம் மட்டும் தீரவில்லை. விற்காமல் மீந்த துண்டுகளே அரைக்கப்படுகின்றன என்று பலரும் நம்பினர்.

இந்தச் சந்தேகத்தில் அறிவியல் நியாயமும் உண்டு. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். பக்கத்திற்கு 10 சென்டிமீட்டர் உள்ள கனசதுர இறைச்சித் துண்டின் மேற்பரப்பு 600 சதுர சென்டிமீட்டர். அதையே 2 மில்லிமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் 1,25,000 துண்டுகள் கிடைக்கும்; அவற்றின் மொத்த மேற்பரப்பு 30,000 சதுர சென்டிமீட்டர். ஐம்பது மடங்கு! முழுத் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் வெளிப்புறத்தில்தான் இருக்கும். மேலே சூடு பட்டால் மடிந்துவிடும். அரைத்தபின் மேலே இருந்தவை உள்ளேயும் புகுந்து விடுகின்றன. ஆகவே கொத்துக்கறி நடுப்பகுதி வரை நன்றாக வேக வேண்டும். உட்புறம் 71 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும் என்பது அமெரிக்க அரசின் பரிந்துரை. 1993இல் அந்நாட்டின் மேற்குப் பகுதியில் சரியாக வேகாத ஹாம்பர்கர்களை உண்டு 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நான்கு குழந்தைகள் இறந்தனர்.

இன்னொரு வஞ்சகமும் இருந்தது. சோடியம் சல்பைட் என்னும் உப்பைத் தூவினால், பழைய கறிக்கும் புதுக்கறியின் சிவப்பு வந்துவிடும். நிறத்தைக் கண்டு வாங்கியவர் ஏமாந்தார். போதாக்குறைக்கு, அந்த உப்பு இறைச்சியிலுள்ள 'பி1' வைட்டமினையும் அழித்துவிடும்.

வால்டர் ஆண்டர்சன் என்ற சமையற்காரர் 1916ஆம் ஆண்டிலேயே விச்சிட்டாவில் ஹாம்பர்கர் விற்கத் தொடங்கியவர். கறியை மெல்லியதாக அழுத்திச் சுடுவது அவருடைய வழக்கம். நடுப்பகுதி வரை விரைவில் வேக இதைவிட எளிய வழி வேறில்லை. கிருமியை எண்ணியா அவர் இப்படிச் செய்தார்? வாடிக்கையாளர் காத்திருக்கிறாரே என்ற அவசரமே காரணமாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது! 1921இல் பில்லி இங்ரம் என்ற வணிகர் அவருடன் கூட்டுச் சேர்ந்தார். 700 டாலர் கடனில் பிறந்தது வெள்ளைக் கோட்டை. மக்களின் அச்சம் எது என்பதை இங்ரம் நன்கு அறிந்திருந்தார். வெள்ளைச் சுவர், துருப்பிடிக்காத எஃகு, தூய உடையணிந்த பணியாளர், கண்ணெதிரே சமையல் ஆகிய எல்லாமே அந்த அச்சத்துக்கு அவர் கூறிய பதில். பிற்காலத்தில் பீங்கான் எனாமல் பூசிய எஃகுத் தகடுகளாலேயே கடைகளைக் கட்டினார்கள். துடைத்தால் போதும், பளிச்சிடும்.

அதோடு அவர் நிற்கவில்லை. அறிவியலின் சான்றிதழும் வேண்டும் என்று விரும்பினார். 1930இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் உடலியல் வேதியியல் அறிஞர் ஜெஸ்ஸி மக்கிளெண்டனைக் கொண்டு, நிறுவனத்தின் செலவில் ஒரு சோதனை நடந்தது. மருத்துவம் பயின்ற மாணவர் ஒருவர் பதின்மூன்று வாரங்கள் ஒயிட் காசில் ஹாம்பர்கரும் தண்ணீரும் மட்டுமே உட்கொண்டார். இறுதி வாரங்களில் நாளொன்றுக்கு 20 முதல் 24 வரை தின்றார். முடிவில் மாணவர் நலமாகவே இருந்தார். பன் மாவில் சுண்ணாம்புச் சத்துச் சேர்க்க வேண்டும் என்ற யோசனையும் இந்த ஆய்வில் கிடைத்தது. இங்ரம் ஊரறியச் செய்தார். வணிகம் செழித்தது.

இப்போது நீங்களே நீதிபதியாக இருந்து பாருங்கள். சோதிக்கப்பட்டவர் ஒரே ஒருவர், அதுவும் இளைஞர். ஒப்பிட்டுப் பார்க்க வேறு உணவு உண்ட இரண்டாம் குழு இல்லை. செலவு செய்தவரோ பண்டத்தை விற்பவர். மக்கிளெண்டன் நேர்மையாகவே ஆராய்ந்தார் என்று வைத்துக் கொண்டாலும் இக்குறைகள் நீங்கா. எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: பதின்மூன்று வாரங்கள் போதுமா?

இதற்குத் தற்செயலாக விடை கிடைத்தது வேறொரு சோதனையிலிருந்து. 1939இல் பாஸ்டன் நகரில் ஜான் கிராண்டன் என்ற இளம் அறுவை மருத்துவர் தம் உடலையே ஆய்வுக்கூடமாக்கினார். பழம், காய்கறி, பால் எல்லாவற்றையும் ஒதுக்கி, 'சி' வைட்டமின் அறவே இல்லாத உணவை ஏறத்தாழ ஆறு மாதங்கள் உண்டார். மற்ற வைட்டமின்களைத் தனியே எடுத்துக் கொண்டார். சுமார் ஆறு வாரங்களில் அவருடைய இரத்தத்தின் தெளிநீரில் 'சி' வைட்டமின் இல்லாமற் போயிற்று. ஆனால் உடலிலோ எந்த அறிகுறியும் இல்லை! தோலில் முதல் மாற்றம் தெரிய நான்கு மாதங்களுக்கு மேல் ஆயிற்று. ஸ்கர்வி நோயின் அடையாளமான இரத்தப் புள்ளிகள் அதற்கும் பிறகே தோன்றின.

மாணவர் உண்ட வெங்காயத்தில் 'சி' வைட்டமின் சிறிது இருந்திருக்கலாம். அந்த வகையில் அவர் நிலை கிராண்டனைவிட மேல்தான். ஆனால் கிராண்டன் செய்த இன்னொரு காரியத்தையும் கேளுங்கள். மூன்றாம் மாத இறுதியில் அவர் முதுகில் வேண்டுமென்றே ஒரு காயம் உண்டாக்கினார்கள். அது வழக்கம்போல ஆறியது. ஆறாம் மாதத்தில் மீண்டும் ஒரு காயம். பத்து நாட்கள் கழித்துப் பார்த்தபோது மேல்தோல் மூடியிருந்தது. உள்ளே ஆறவே இல்லை. 'சி' வைட்டமினை ஊசிவழி ஏற்றிய பிறகே ஆறத் தொடங்கியது.

மின்னசோட்டா மாணவரின் சோதனையை நிறுத்தியது மூன்றாம் மாத இறுதியில்.