தீப்பந்தம் பிடிச்ச பேரு

நம்மூர்ல தீபம்னா 2668 அடி மலை உச்சியில கொப்பரையில எரியறது. கல்கத்தா ஃபுட்பால் ரசிகர்களுக்கு தீன்னா அது ஈஸ்ட் பெங்கால் கிளப்பு. கொடியில ஒரு கை, அந்தக் கையில ஒரு தீப்பந்தம். வங்காளியில அதுக்கு 'மஷால்'. அதனாலயே அந்த டீமுக்கு 'மஷால் படை'ன்னு பட்டப்பேரு. செவப்பு-மஞ்சள் சட்டையால வந்த 'லால் ஹோலூத்' இன்னொரு பேரு.

அந்தக் கிளப்பு பொறந்ததே ஒரு கோவத்துலதான். 1920 ஜூலை கடைசியில மோகன் பகானோட ஜோராபகான் கிளப்புக்கு ஒரு மேட்ச். அதுல சைலேஷ் போஸை ஆட்டத்துல சேர்க்கலை. கிளப்போட துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி கேட்டுப் பார்த்தார், சரியான பதில் இல்லை. வெளிய வந்துட்டார். ஆகஸ்ட் 1ஆம் தேதி ஈஸ்ட் பெங்கால் ரெடி! கிழக்கு வங்காளத்துலேருந்து பொழைக்க வந்தவங்களை கல்கத்தாக்காரங்க 'பாங்கால்'னு கிண்டல் பண்ணின காலம் அது. அவங்களுக்கு இது சொந்த வீடு மாதிரி ஆயிடுச்சு.

சரி, தீப்பந்தம் எங்கேருந்து வந்துச்சு? 1930. காந்தி தண்டியில உப்பு எடுக்கறார், நம்ம பக்கம் ராஜாஜி வேதாரண்யத்துல. சட்டமறுப்பு வேகத்துல கல்கத்தா லீக் பாதியிலயே நின்னு போச்சு. அப்ப ஈஸ்ட் பெங்கால் இரண்டாவது டிவிஷன்ல மேல ஏற்ற நிலைமையில இருந்துச்சு. லீக் முடியலையே, அதனால மேல போக முடியாதுன்னுட்டாங்க. ரசிகர்கள் சும்மா இருப்பாங்களா? ராத்திரி கையில பந்தத்தைக் கொளுத்திக்கிட்டு ஊர்வலம் கிளம்பிட்டாங்க. அந்தத் தீதான் அப்புறம் கொடியில ஏறுச்சுன்னு கிளப்புக்காரங்க இன்னிக்கும் சொல்லுவாங்க.

1942ல அதே லீக்ல முதல் டிவிஷனை ஜெயிச்சாங்க. 1947ல நாடு பிரிஞ்சு, அகதிகளா வந்த லட்சக்கணக்கான பேருக்கு போன ஊரோட பேரு மிச்சமிருந்த இடங்கள்ல இந்தக் கிளப்பும் ஒண்ணு.

இன்னொரு விஷயம், நமக்குப் பெருமை. 1949லேருந்து 51 வரைக்கும் தொடர்ந்து மூணு வருஷம் ஐஎஃப்ஏ ஷீல்டு ஜெயிச்ச முன்வரிசைக்கு 'பஞ்ச பாண்டவர்'னு பேரு: வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. அஞ்சு பேரும் தென்னிந்தியாக்காரங்க! 'வெளியூர்க்காரன்'னு சொல்லப்பட்டவங்க ஆரம்பிச்ச கிளப்புக்கு வெளியூர்க்காரங்களே கோப்பை வாங்கிக் கொடுத்தாங்க :-)

கம்பெனிக்காரங்க ரூம்ல உக்காந்து யோசிச்சு வைக்கற பேரு விளம்பரம் நிக்கற வரைக்கும்தான் நிக்கும். 'இல்லை'ன்னு மறுக்கப்பட்டவன் ரோட்டுல எறங்கி சம்பாதிச்ச பேரு 90 வருஷம் தாண்டியும் எரியுது. உங்க ஊர் டீமுக்கு அப்படி ஒரு பேரு இருந்தா சொல்லுங்க மக்களே.