கேப்டன் லட்சுமி அம்மையார்

கழக்கூட்டத்தில் 1962-ஆம் ஆண்டு முதல் சைனிக் பள்ளி ஒன்று நடைபெற்று வருகிறது. சேனை அதிகாரிகளாக வரவேண்டிய சிறுவர்களை ஆயத்தம் செய்வதற்கென எழுந்த பள்ளி அது. நாட்டிலுள்ள சைனிக் பள்ளிகள் எல்லாவற்றிலும் பெண்பிள்ளைகளைச் சேர்க்கும் முறை 2021-22 கல்வியாண்டிலேதான் வந்தது. ஆனால் அதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்பே, கடல் கடந்த நாட்டில், ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பெண்களின் தோளில் துப்பாக்கி ஏறிவிட்டது. அவர்களுக்குத் தளபதியாக நின்றவர் சென்னையில் பிறந்த மருத்துவர் லட்சுமி. பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்து கழக்கூட்டத்திலும் பிற மாநிலங்களிலும் வாழும் நம்மவர்க்கு இவரது வரலாற்றில் தனி உரிமை உண்டு என்று கருதுகிறோம். ஏனெனில் இவரும் ஊர்விட்டுச் சென்றவரே; இவருடைய படையும் ஊர்விட்டுச் சென்றவர்களின் படையே.

லட்சுமி 1914 அக்டோபர் 24 அன்று பிறந்தார். தந்தை சுவாமிநாதன் தமிழர். சென்னையில் பெயர்பெற்ற வழக்கறிஞர். தாய் அம்மு சுவாமிநாதன் பாலக்காட்டுப் பக்கத்து ஆனக்கரையைச் சேர்ந்தவர். பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்தவர். தமிழும் மலையாளமும் ஒருங்கே புழங்கிய வீடு அது. சரோஜினி தேவியின் தங்கை சுகாசினி அங்கு வந்து தங்கியபோதுதான் பொதுவுடைமைப் பேச்சு லட்சுமியின் செவியில் முதன்முதல் விழுந்தது. 1938-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, மகப்பேற்று மருத்துவம் பயின்று, 1940-இல் சிங்கப்பூர் சென்றார். அங்கே அவரை நாடி வந்த நோயாளிகளில் ஏழை இந்தியத் தொழிலாளர் மிகுதி.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. மறு ஆண்டு ஜூலை மாதம் நேதாஜி அங்கு வந்து சேர்ந்தார். பெண்களுக்கென ஒரு படை வேண்டும் என்றார். லட்சுமி அம்மையார் வீடு வீடாகச் சென்று இருபது பெண்களைத் திரட்டினார். இரவல் துப்பாக்கிகளைக் கொண்டு இரண்டொரு நாளிலேயே அவர்களைப் பழக்கி, ஜூலை 12 அன்று நேதாஜிக்கு அணிவகுப்பு மரியாதை செய்வித்தார். அவ்வாறு தோன்றியதே ஜான்சி ராணிப் படை. அக்டோபர் 21 அன்று அமைந்த சுதந்திர இந்தியத் தற்காலிக சர்க்காரில் பெண்கள் துறையின் பொறுப்பும் அவரிடம் வந்தது. படைத்தலைமையும் மந்திரிப் பதவியும் ஏற்றபோது அவருக்கு வயது இருபத்தெட்டு.

படையில் இருந்தோர் தொகை சில நூறு என்பாரும், ஆயிரம் என்பாரும் உளர். தொகையைக் காட்டிலும் அவர்கள் யார் என்பதே நாம் கருத வேண்டியது. வசதியுள்ள வீட்டுப் பெண்களும் சிலர் இருந்தனர். கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி தேவர் அத்தகையவர். ஆயினும் மிகப் பலர் மலாயாத் தோட்டங்களில் பால் எடுத்த தமிழ்ப் பெண்கள். இந்தியா எனும் மண்ணை ஒருநாளும் கண்ணால் காணாதவர்கள் அவர்களில் பலர். கங்காணியின் அதட்டலுக்குத் தலைகுனிந்து பழகியவர்கள், அணியில் நிமிர்ந்து நின்றார்கள். கட்டளை மொழியோ இந்துஸ்தானி! மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, அந்த மைதானத்தில் கட்டளைச் சொல் ஒவ்வொன்றும் எந்தத் தமிழாக மாறிக் காதுக்குக் காது சென்றிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதில் தனி இன்பம் உண்டு.

1944-இல் படை பர்மாவுக்குச் சென்றது. இம்பால் போரில் முன்னணிக்குச் செல்ல அவர்கள் துடித்தனர். படையெடுப்போ தோல்வியில் முடிந்தது. மேமியோ நகரில் காயம்பட்டோருக்குப் பணிவிடை செய்ததே பலருக்கும் கிடைத்த போர்க்களம். போரிடாத படைக்குத் தளபதி என்ற பெயர் எதற்கு என்று கேட்போர் உளர். இக்கேள்வியை நாம் ஏற்பதற்கில்லை. கூலிக்காரி என்று அழைக்கப்பட்ட பெண்ணைச் சிப்பாய் ஆக்குவது எளிய வெற்றியன்று. ஜானகி தேவர் பிற்காலத்தில் மலேசிய நாடாளுமன்ற மேலவை உறுப்பினரானதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இன்னொரு கேள்வி இதைவிடக் கடினமானது. முந்தைய பத்தாண்டில் கொரியப் பொதுவுடைமையாளர் சோ யோங் கோன் மஞ்சூரியக் காடுகளில் ஜப்பானை எதிர்த்துக் கெரில்லாப் போர் நடத்திவந்தார். 1948-இல் வட கொரியாவின் பாதுகாப்பு மந்திரியானார். கொரியரை அடிமை கொண்ட அதே ஜப்பான்தான் நேதாஜியின் துணை. நம் நாட்டுக் கம்யூனிஸ்டுகளும் அந்தத் துணையை அன்று வன்மையாகக் கண்டித்தனர். அப்படியிருக்க, அவர்களிலிருந்து 1964-இல் பிரிந்து தோன்றிய மார்க்சிஸ்ட் கட்சியில் லட்சுமி அம்மையார் பின்னாளில் சேர்ந்தது எங்ஙனம்? தத்துவ நூல்களை விட அவர் பார்த்த நோயாளிகளே இதற்கு விடை தருவர் என்பது நமது துணிபு.

1945-இல் பர்மாவில் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டு, 1946-இல் தாயகம் வந்தார். செங்கோட்டை வழக்கில் நின்ற மூவருள் ஒருவரான பிரேம் குமார் சாகலை 1947 மார்ச் மாதம் மணந்து, கான்பூரில் குடியேறினார். ஆலைத் தொழிலாளர் நிறைந்த அவ்வூரிலே ஏழைப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்தபடி பல பத்தாண்டுகள் கழிந்தன. 1971-இல் வங்கதேச அகதிகளுக்கு வைத்தியம் செய்யக் கல்கத்தா சென்றார். கட்சியில் சேர்ந்ததும் அக்காலத்திலேயே. 1981-இல் அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தை நிறுவியோரில் ஒருவரானார். 1984-இல் விஷவாயு பரவிய போபாலுக்கு மருத்துவர் குழுவுடன் சென்றார்.

2002-இல் இடதுசாரிக் கட்சிகள் அவரைக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நிறுத்தின. எதிரே நின்றவர் இராமேசுவரத்து அப்துல் கலாம். கழக்கூட்டத்தாருக்கு இத்தேர்தல் அயலூர்ச் செய்தியன்று. அருகேயுள்ள தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் பறந்தபோது அங்கே பணியிலிருந்தவர் கலாம். அந்தத் தளத்தை உருவாக்கிய விக்ரம் சாராபாயோ, லட்சுமி அம்மையாரின் தங்கை மிருணாளினியின் கணவர். கலாமுக்குக் கிடைத்த வாக்கு மதிப்பு 9,22,884, அம்மையாருக்கு 1,07,366. தோல்வி உறுதி என்று அறிந்தே, எண்பத்தேழு வயதில் ஊர் ஊராகச் சென்று ஆதரவு கேட்டார் அவர்.

பிறகு கான்பூர் மருத்துவமனைக்கே திரும்பினார். தொண்ணூறு வயது கடந்தும் நோயாளிகளைப் பார்த்து வந்தார். சேனையில் கர்னலாக உயர்ந்தும், மக்கள் வாயில் அவர் என்றும் கேப்டன்தான். 2012 ஜூலை 23 அன்று தமது 97-ஆம் வயதில் காலமானார். அவர் விருப்பப்படி உடல் கான்பூர் மருத்துவக் கல்லூரி மாணவர்களின் படிப்புக்கென அளிக்கப்பட்டது.